கணிப்பொறிக்குள் ஓர் ஆவண அறை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கத்துக் கணிப்பொறியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கல்லூரி வாசலை மிதியாத நமக்கு இப்பொருளில் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். ஒரு பிழை செய்தோம், அதுவே தகுதி.

சென்ற கோடையில், இக்காலனியின் மூத்த அம்மையார் ஒருவர், தாம் புதுமணப் பெண்ணாக இங்கு வந்திறங்கிய கதையை இரண்டு மணி நேரம் சொன்னார். அதை ஒலிப்பதிவு செய்து, லினக்ஸில் இயங்கும் அப்பொறியில் 'டெம்ப்' என்னும் அடைவில் வைத்தோம். அடைவு என்பது கோப்புகளை வைக்கும் அறை. அங்கே இடம் தாராளமாக இருந்தது, தடுப்பாரும் இல்லை. இரவு மின்சாரம் நின்றது. காலையில் பொறியை இயக்கினால் பதிவைக் காணோம்!

பொறியை நோவதில் பயனில்லை. டெம்ப் தற்காலிக இடம். அங்கு வைத்தது மறுமுறை இயக்கும்போது இருக்கும் என்று நம்பலாகாது என்பதே விதி. நம் பொறி எழும்போதே அந்த அறையைத் துடைத்துவிடும்.

அதன்பின் எந்த அறை எதற்கு என்று கற்கலானோம். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. அவ்வேருக்குக் குறி ஒரு சாய்கோடு. வேறொரு வட்டைச் சேர்த்தாலும், கிளைப்பாதையை நிலையத்தில் இணைப்பதுபோல், அம்மரத்திலேயே ஓரிடத்தில் இணைப்பர். 'ஈ.டி.சி.' என்பதில் இப்பொறிக்கே உரிய அமைப்புக் குறிப்புகள். 'வார்' என்பதில் நாளும் வளர்வன: நிகழ்ச்சிப் பதிவேடுகள், அச்சுக்குக் காத்திருப்பவை. 'ஹோம்' அவரவர் வீடு. 'யூ.எஸ்.ஆர்.' நிரல்களின் இருப்பிடம். அன்றாட ஓட்டத்தில் அது மாறுவதில்லை.

இந்த யூ.எஸ்.ஆருக்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினர். பின்னர் முதல் வட்டு நிரம்பவே, பயனர்களின் கோப்புகள் இருந்த யூ.எஸ்.ஆர். வட்டுக்கு நிரல்களும் வழிந்து சென்றன. இடநெருக்கடியால் நேர்ந்த இப்பிரிவுக்குப் பின்வந்தோர் காரணங்கள் கற்பித்தனர். நம் அலுவலகங்களிலும் காணாததா! 2012-இல் ஃபெடோரா 17 இரண்டையும் ஒன்றாக்கியது. டெபியனும் 2023-இல் 12-ஆம் பதிப்பில் அவ்வழியே வந்தது.

இவ்வமைப்புக்கு லினக்ஸ் உலகில் 1994-இல் ஒரு பொது வரையறை எழுதினர். அதன் மூன்றாம் பதிப்பு 2015-இல் வந்தது. அது கேட்கும் கேள்விகள் இரண்டு: இக்கோப்பு மாறுவதா, மாறாததா? பல பொறிகள் பகிரத்தக்கதா, இப்பொறிக்கே உரியதா? ஆவண அறையில் கோப்புகளை எத்தனை ஆண்டு வைக்கவேண்டும் என்று பார்த்துப் பிரிக்கும் நமக்கு இது அயலான எண்ணம் அன்று.

சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் கணக்கும் இதுவரை செயலாளரின் ஹோமில் கிடந்தன. நாமோ மாற்றல் ஆணைக்குக் காத்திருக்கும் கூட்டம். ஒருவர் போனால் அவர் வீட்டை மூடுவோம். சங்கத்துப் பொருளும் அதனுடன் போகலாமா? ஆகவே, பலருக்கும் வழங்கும் தரவுக்கென்றே வரையறை ஒதுக்கிய 'எஸ்.ஆர்.வி.' என்னும் அடைவில் சங்கத்திற்கு ஓர் அறை வகுத்தோம். அதில் எழுதும் உரிமை செயற்குழுவினருக்கு மட்டும்.

இன்னொன்றும் விளங்கிற்று. யூ.எஸ்.ஆர். அழிந்தால் நிரல்களை மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். ஈ.டி.சி., ஹோம், எஸ்.ஆர்.வி. ஆகியவற்றில் உள்ளவை நம்முடையவை, வேறெங்கும் கிடையா. எனவே வாரந்தோறும் இம்மூன்றையும் தனி வட்டில் படியெடுத்துப் பொருளாளர் வீட்டு அலமாரியில் வைக்கிறோம்.

அம்மையார் பெருந்தன்மையோடு கதையை மறுபடி சொன்னார். இம்முறை ஒரு மணி நேரமே வந்தது. நிலையத்தில் தம் தகரப்பெட்டி தொலைந்து கிடைத்த பகுதியை மறந்துவிட்டார். இருக்கும் பகுதி எஸ்.ஆர்.வி.யில் இருக்கிறது, கேட்க விரும்புவோர் ஞாயிறு மாலை சங்கத்திற்கு வரலாம்.