தண்ணீர் தூங்குகிறதா?

இத்தனை கொசுவுக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பள்ளிக்கரணைத் தாய்மார்களே, பெரியோர்களே!

"மக்கள் மனம் கவர்ந்த கிறித்தவத் தமிழ் எழுத்துகள்" என்று தலைப்புக் கொடுத்து, பதினைந்து நிமிஷமும் கொடுத்திருக்கிறார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கத்திலிருந்து தொடங்கினால் 440 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் புத்தகம் மொத்தம் 16 பக்கம். இப்போது கல்யாணப் பத்திரிகையே அதைவிடக் கனமாக வருகிறது!

சரி, எதை மக்கள் அதிகம் விரும்பினார்கள்? தேம்பாவணியைப் புலவர்கள் மெச்சினார்கள். நம் பாட்டி மடியில் படுத்துக் கேட்டது எது? பரமார்த்த குரு கதை! மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்... ஐந்து சீடர்கள். (கைதட்டல்) இரண்டையும் எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியாவுக்கு வந்து, நம்மையே சிரிக்க வைத்துவிட்டுப் போன மனிதர்.

குருவும் சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான் ஒரு சீடன். 'சுர்'ரென்று சீறிப் புகை வருகிறது. ஐயோ, விழித்திருக்கிறது! ஓட்டம். பிறகு அணைந்துபோன அதே கட்டையை வைக்கிறான். சத்தமே இல்லை. ஆகா, தூங்குகிறது, கடக்கலாம்!

சிரிக்கிறீர்கள். நாம் மட்டும் என்ன செய்தோம்? இந்தப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அணைந்த கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, "தூங்குகிறது, மனை போடு" என்றோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விழித்துக்கொண்டதா, இல்லையா? (கைதட்டல்) மொட்டை மாடியில் நின்றவர்கள் இங்கே எத்தனை பேர், கையைத் தூக்குங்கள்! 2022-இல் இதை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள், சந்தோஷம். ஏறக்குறைய 1,250 ஹெக்டேர். அதற்கு முன்பு போனது? அதே கதையில் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விற்றானே, அவன் பேரன் இன்றைக்கும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். "நீர்நிலைப் பார்வை" என்று போடுகிறான். பார்வை என்ன, நீர்நிலையே வீட்டுக்குள் வரும்!

எங்கேயோ போய்விட்டேன். வீரமாமுனிவர் இறந்தது 1747. இந்தக் கதை அச்சில் வந்தது 1822-இல், அதுவும் லண்டனில், பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் கையால். நடுவே 75 வருஷம்! அத்தனை காலம் கதையைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டது யார்? விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படியெடுத்தானே ஒருவன், அவன். அவனுக்குப் பேர் இல்லை. சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை இருக்கிறது, இருக்கட்டும். படியெடுத்தவனுக்கு?

அடுத்து, மாயூரத்து முன்சீப் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம். தமிழின் முதல் நாவல். பஞ்சம் வந்தபோது சொந்தப் பணத்தில் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அவர் சிவபக்தர், இந்தக் கிறித்தவரைப் புகழ்ந்து பாடினார்! (கைதட்டல்) ஆனால் சில ஆராய்ச்சிக்காரர்கள், பேர் வேண்டாம், "வேதநாயகம் பிள்ளை" என்று நிறுத்திக்கொள்வார்கள். சாமுவேல் எங்கே போனார்? தொண்டையிலேயே சிக்கிக்கொண்டார்! ஆற்றைக் கடந்த பிறகு குருவின் சீடர்கள் ஆளுக்கு ஆள் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருத்தன் போய்விட்டான் என்று அழுதார்களே, நினைவிருக்கிறதா? அவர்களாவது தன்னை எண்ண மறந்தார்கள். இவர்கள் அடுத்தவனை எண்ண மறக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து முதுகில் ஆளுக்கு ஓர் அடி போட்டு எண்ணினால்தான் கணக்குச் சரியாகும்!

செயலாளர் சீட்டு அனுப்புகிறார். "வேதநாயகம் சாஸ்திரியார்?" ஐயா, அவரைச் சொல்லாமல் விடுவேனா! தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். 1864-இல் மறைந்தார். இன்றும் ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டு ஓயவில்லை. எனக்குத்தான் பாட வராது. அதோ, பாடகர் குழு தயாராக நிற்கிறது.

தம்பி, உன் கையில் இருக்கிற அந்தப் பழைய நோட்டைக் கொஞ்சம் காட்டு. அடடா, எல்லாப் பாட்டும் மைப் பேனாவில், முத்து முத்தாக! யாருப்பா எழுதினது?

"தெரியலீங்க ஐயா. நான் குழுவுல சேரும்போதே இருந்துச்சு."

கேட்டீர்களா? பாடுங்கள் தம்பி.