வல்லைவெளி வெறும் வெளியன்று

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மிசன் பள்ளிக்கூடத்திற் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயிலும் என்னையும் ஒரு பொருட்டாக மதித்து இம்மேடையில் ஏற்றியமைக்கு முதற்கண் நன்றி. நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம்மூர்ப் பறவைகள்.

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நாமெல்லோரும் வல்லைப் பாலத்தைக் கடந்தே போகிறோம். மார்கழி, தை மாதங்களிற் கடனீரேரி நிறைந்து பறவைகள் மொய்த்திருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுவோம். ஆனி, ஆடியில் அதே இடம் வெடித்து வறண்டு கிடக்கும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பறவை பார்ப்பது மாரிகாலத்து வேலை என்பது நம் எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று என்பதே என் பேச்சின் கருத்து.

ஓராண்டை ஒழுங்காகப் பார்ப்போம். ஆவணியிற் சோளகம் ஓயுமுன்னரே முதல் விருந்தாளிகளாகிய உள்ளான்கள் வந்துவிடும். வட ஆசியாவின் குளிர்நிலங்களிற் குஞ்சு பொரித்து, நம் சேற்று வெளியை நாடி வருபவை அவை. ஐப்பசியளவில் நம் வளவுகளுக்கே ஒரு விருந்தாளி வருகின்றது. காலையும் மாலையும் ஆறு மணியளவிற் குரல் கொடுப்பதால் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். அதன் தாயகம் இமயமலை அடிவாரமும் நடு இந்தியாவும் ஆகும்.

கார்த்திகை மழையில் நீர் பெருக, ஊசிவால் தாராவும் நீலச்சிறகியும் வாடையோடு வந்திறங்கும். பூநாரைகளைத் திரளாகக் காண வேண்டின் சுண்டிக்குளம் செல்லலாம். அது 1938இற் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. பங்குனி, சித்திரையிற் கருவால் மூக்கன் போன்றவை மங்கிய இறகு களைந்து செந்நிறம் பூண்டு வடக்கே புறப்படும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிற் பிடித்துச் சிறு கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள் ருசியாவின் ஆர்க்டிக் கரைவரை போனது அண்மையில் அறியப்பட்டது. பறவைகள் பருவந்தோறும் தெற்கும் வடக்குமாகப் போய்வருவதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். இன்றேல் சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்கு நாரை வாயிலாகச் செய்தி அனுப்ப எண்ணியிருப்பாரா?

விருந்தாளிகள் போயினர். வைகாசி முதல் ஆடி வரை வெளியில் என்ன இருக்கிறது? வீட்டுக்காரர் இருக்கின்றனர்! ஆள்காட்டி வெறுந்தரையிற் கல்லோடு கல்லாக முட்டையிட்டுக் காவல் நிற்கும். சிற்றாலாவும் அவ்வாறே மணற்றிட்டில் முட்டையிடும். இலங்கையின் வடக்கு, வடமேற்கு வறள்நிலங்களிலன்றி வேறெங்கும் காண்டற்கரிய கவுதாரி நம் பற்றைகளிற் கூவும்.

இவற்றுள் ஒன்றைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். உப்பு வெளிகளிற் குடுகுடுவென்று ஓடும் சிறு பறவை உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுதும் வாழும் ஒருவகை உப்புக்கொத்தியை, வடக்கிலிருந்து வரும் இனத்தின் ஒரு பிரிவென்றே அறிஞர் நெடுங்காலம் கருதியிருந்தனர். அதன் உடலளவு, இறகு, மரபணு ஆகியவற்றை ஆராய்ந்து, அது தனியினமே என்று 2023இல் அறிவித்தனர். அது வாழும் இடம் இராமர் அணையைச் சூழ்ந்த நாடாதலின் அதற்கு அநுமன் உப்புக்கொத்தி என்று பெயரும் வைத்தனர். தூரதேசத்து விருந்தாளியையே தேடிய கண்களுக்கு, வெயிலிற் குஞ்சு பொரித்துக்கொண்டு இங்கேயே இருந்த வீட்டுக்காரன் தெரியவில்லை.

அன்பர்களே, நாம் கோடையில் அவ்வெளியை வெறும் நிலமென்று எண்ணுவதால் வருங் கேடு சிறிதன்று. அங்கேதான் குப்பை கொட்டுகிறோம். அங்கேதான் உழவு இயந்திரத்தையும் மோட்டார்ச் சைக்கிளையும் விடுகிறோம். குப்பையை நாடி நாயும் காகமும் வருகின்றன. முட்டைக்கு முதற் பகை அவையே. ஒரு சில்லு உருண்டால் ஒரு குடும்பம் போயிற்று. மாரியில் வரும் பறவை குறைந்தாற் பலர் கண்ணிற் படும். கோடையில் அழியும் கூட்டைப் பற்றி யார் பேசுவார்?

ஆதலின் மூன்று வேண்டுகோள். முதலாவது, சங்க நூலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். மாதந்தோறும் முதல் ஞாயிறு விடியலில் இருவர் வல்லைப் பாலத்தடியிலிருந்து தொண்டைமானாறு செல்வச்சந்நிதிப் பக்கம்வரை சென்று, கண்ட பறவையையும் தொகையையும் எழுதட்டும். ஒன்றுங் காணாத நாளையும் எழுதட்டும்; இல்லாமையும் ஒரு செய்தியே. இரண்டாவது, வைகாசி முதல் ஆடி வரை அவ்வெளியிற் குப்பை கொட்டுவதும் வாகனம் ஓட்டுவதும் ஆகாதென நம் வீடுகளிலிருந்தே தொடங்குவோம்.

மூன்றாவது வேண்டுகோள் பெரியோருக்கு. 2009 வரை நீடித்த யுத்த காலத்தில் வடபகுதியிற் பறவைக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்க இயலவில்லை. அந்தக் காலத்துக்கும் அதற்கு முந்திய காலத்துக்கும் உங்கள் நினைவே ஏடு. எந்தக் குளத்தில் எந்தப் பறவை எந்த மாதம் வந்தது, அதை நம்மூரார் என்ன பெயரால் அழைத்தனர் என்பவற்றை எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் எழுதிக்கொள்கிறோம். சொல்லாது விட்டாற் பறவையோடு பெயரும் போய்விடும்.

இத்தொண்டுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், விடியலில் எழும் மனம் இருந்தாற் போதும். வரும் ஞாயிறே தொடங்குவோம்.