அடுப்பை எண்ணினால் போதுமா?



'வீட்டுப் புகை தீர முதல் தேவை அடுப்பைக் கொடுப்பதா? பலனை அளப்பதா?' அளப்பதே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அம்மா ஒரு போடு போட்டாங்க: "புகையில கண்ணைக் கசக்குறவளுக்கு அடுப்பைக் கொடுங்கய்யா, அளவுகோலைக் கொடுக்காதீங்க!" நானும் கைதட்டினேன். ஆனா மனசு ஒத்துக்கல.

ஏன்? எங்க வீட்டுக்கும் கேஸ் வந்தது. கணக்கெடுக்க வந்தவர் 'கேஸ் உள்ள வீடு'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தா, காபிக்கு மட்டும் கேஸ். சோத்துக்கும் வெந்நீருக்கும் விறகு. விருந்தாளி வந்தா கேஸ். அவங்க வாசல் தாண்டினா விறகு! (சிரிப்பு) "சிலிண்டர் தீர்ந்தா யாருடா காசு கொடுப்பா?" என்பாங்க அம்மா. நோட்டுல புகை போயிடுச்சு நடுவர் அவர்களே, அம்மாவுக்கு இருமல் போகல.

அடுப்பைக் கொடுக்கலாம், பத்த வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியுமா? அது அவங்க விருப்பம். அதனாலதான் அளக்கணும் என்கிறேன்.

ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். கொடுத்தது புகைபோக்கி வைத்த அடுப்பு. முதல் வருஷம் புகை குறைஞ்சது. அப்புறம்? ஒழுங்கா பயன்படுத்தல, பழுது பார்க்கல. கடைசியில் நுரையீரலில் ஒரு முன்னேற்றமும் இல்லை என்று 2016-ல் எழுதினார்கள். அடுப்பை மட்டும் எண்ணியிருந்தா அது வெற்றி விழா! (கைதட்டல்)

இன்னொன்று. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் நடந்த இடம் நம்ம தமிழ்நாடு. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் இலவசம், கேஸும் இலவசம். விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த நுண்தூசி, நடு அளவாக, கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம். கேஸ் வீட்டில் 23.9. மூணுல ஒரு பங்கு! ஆனா பிறந்த குழந்தையின் எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை என்று 2022-ல் முடிவு வந்தது.

எதிரணி துள்ளுது, "அளந்து என்னய்யா கண்டீங்க?" அடுத்த கேள்வியைக் கண்டோம்! அந்தப் பெண்கள் சேர்ந்ததே கர்ப்பக் கணக்கில் 9 வாரம் ஆன பிறகு. அதுக்கு முன்னாடியே கொடுத்திருந்தா? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஆண்டு வரம்பு 5. நாம நிக்கிறது 23.9-ல். மீதித் தூசி எங்கேயிருந்து வருது? இதையெல்லாம் கேட்க வச்சது அளவுதானே!

நம்ம நாட்டில் 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கு மேல் இணைப்பு கொடுத்தாச்சு. நல்ல காரியம். கொடுக்க வேண்டாம்னு நான் சொல்லல. கொடுத்தது அவ மூச்சு வரைக்கும் போய்ச் சேர்ந்ததான்னு பாருங்க என்கிறேன். அடுப்பு எரியுதா? புகை குறைஞ்சுதா? உடம்பு தேறுச்சா? இந்த மூணையும் கேளுங்க.

எங்க அம்மாகிட்ட ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஏம்மா இன்னும் இருமுறீங்க?"ன்னு கேட்டிருந்தா, "சிலிண்டருக்குக் காசில்லப்பா"ன்னு சொல்லியிருப்பாங்க. யாரும் கேட்கலையே, நடுவர் அவர்களே!

(பலத்த கைதட்டல்)