சூரியக் காற்றின் முகத்துவாரம்



பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் உடைந்த பாலம் வரும். அங்கேதான் அடையாறு கடலில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகும்போது அந்த முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும். கலங்கிய ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் தன் போக்கில் ஓடும். அப்புறம் வேகம் தளரும். கலங்கலும் தெளிவும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும் இடத்தில் ஒரு கோடு விழும். வெள்ளம் கூடினால் கோடு தள்ளிப் போகும். வடிந்தால் கரைக்கு நெருங்கி வரும்.

சூரியனுக்கும் இப்படி ஒரு முகத்துவாரம் உண்டு.

சூரியனிலிருந்து எல்லாத் திசையிலும் மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஓயாமல் வீசுகின்றன. நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகம். கோள்களையெல்லாம் கடந்து போகும் இந்தச் சூரியக் காற்று, விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெளியின் அழுத்தத்தை எதிர்கொண்டு ஓரிடத்தில் அடங்கிவிடுகிறது.

இப்படி ஒரு காற்று இருந்தே தீரும் என்று 1958இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜீன் பார்க்கர். முப்பது வயதைத் தொட்ட இளைஞர். கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர்கள் இருவருமே வேண்டாம் என்றார்கள். முடிவெடுக்க வேண்டிய இதழாசிரியரோ, மயிலாப்பூர் வீட்டிலிருந்து மாநிலக் கல்லூரிக்குப் போய்ப் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். பார்க்கர் சொன்னதில் அவருக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் தப்பு எங்கே என்று நிபுணர்கள் காட்டவில்லை, அவருக்கும் தட்டுப்படவில்லை. கட்டுரையை அச்சேற்றினார். 1935இல், 24 வயதில், லண்டனில் ஒரு சபை நடுவே தன்னுடைய கணக்கை வானியலாளர் எடிங்டன் எள்ளி நகையாடியதைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த மாலை அவருக்கு மறந்திருக்காது.

1962இல் மாரினர் 2 விண்கலம் அந்தக் காற்றை நேரிலேயே அளந்தது.

காற்று அடங்கும் எல்லையை முதலில் கடந்தது வாயேஜர் 1. 1977 செப்டம்பர் 5இல் புறப்பட்டு, வியாழனையும் சனியையும் பார்த்துவிட்டுப் போன கலம். 2012 ஆகஸ்ட் 25இல், சூரியனிலிருந்து சுமார் 1,800 கோடி கிலோமீட்டர் தொலைவில் வெளியே போனது. ஆனால் அதை உறுதி செய்வது எப்படி? காற்றை அளக்கும் கருவி 1980லேயே பழுதாகிவிட்டது. 2012 மார்ச்சில் சூரியன் குமுறியது. அந்த அதிர்ச்சி ஓராண்டுக்கு மேல் பயணம் செய்து கலத்தைச் சுற்றியிருந்த துகள் கூட்டத்தை அதிர வைத்தது. அந்த அதிர்வு மனிதக் காது கேட்கும் சுருதியில் இருந்தது. அடர்த்தி கூடினால் சுருதியும் கூடும். மிருதங்கத்தின் வாரை இழுத்துக் கட்டினால் ஏறுவது போல. சுருதியை வைத்துக் கணக்கிட்டபோது, உள்ளே இருந்ததைவிட அடர்த்தி சுமார் 40 மடங்கு. கலம் வெளியே போய்விட்டது என்பது அப்படித்தான் தெரிந்தது.

இணைக் கலமான வாயேஜர் 2இன் கருவி நல்லபடியாக இருந்தது. 2018 நவம்பர் 5இல் சூரியக் காற்று சட்டென்று ஓய்ந்ததை அது நேரடியாகவே பதிவு செய்தது. சந்திரசேகர் 1995இல் மறைந்துவிட்டார். 2022 வரை வாழ்ந்த பார்க்கர் இரண்டு கலங்களும் கரை தாண்டியதைப் பார்த்தார்.

இப்போது வாயேஜர் 1 இருப்பது சுமார் 2,500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அதன் ஒலிபரப்பிக்கு 23 வாட் திறன், ஒரு சின்ன பல்பின் அளவு. ஊரூர் குப்பத்தில் விடியுமுன் படகைத் தள்ளும் நேரத்தில் அது ஒரு சேதி அனுப்பினால், மறுநாள் ஏறக்குறைய அதே படகைத் தள்ளும் நேரத்தில்தான் பூமியின் ஆன்டெனாவுக்கு வந்து சேரும்.