கொண்டலாத்திக்குப் பின் வந்த வெளிச்சம்



2014 அக்டோபர் 7. ஸ்டாக்ஹோமில் இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்படுகிறது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் பரிசு. அதற்கு ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விசாகப்பட்டினத்தின் மேல் ஹுட்ஹுட் புயல் ஏறியது. ஹுட்ஹுட் என்றால் அரபியில் கொண்டலாத்திப் பறவை. ஓமன் நாடு வைத்த பெயர். அழகான பறவை. ஆனால் அந்தப் பெயரில் வந்த காற்று விமான நிலையக் கூரையைப் பிய்த்தது, புயலைப் பார்த்துக்கொண்டிருந்த ராடாரையே சேதப்படுத்தியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நகரம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது.

அந்த ஊர் அப்போது எடுத்த முடிவுதான் இன்றைய பேச்சு. எப்படியும் விளக்கு மாட்டத்தான் வேண்டும். பழையதையே ஏன் மாட்ட வேண்டும்? அடுத்த சில மாதங்களில் 90,000-க்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் எல்.இ.டி.யாக மாறின.

பழைய சோடியம் விளக்கை இங்கே எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் முதலில் மங்கலாகச் சிவக்கும், சில நிமிடம் கழித்துத்தான் மஞ்சள் பிடிக்கும். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் போதும், சூடு ஆறும்வரை மறுபடி எரியாது. அதன் அடியில் நின்றால் அரக்குச் சேலையும் பழுப்புச் சேலையும் ஒரே நிறம். நாலா பக்கமும் சிதறும் வெளிச்சத்தைத் தகடு வைத்துத் திருப்பித்தான் தரைக்கு அனுப்ப வேண்டும். வழியில் கொஞ்சம் வீண். 250 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் 3 யூனிட். சோக்கு தின்பது தனி. ஒரு கம்பத்துக்கு, ஓர் இரவுக்கு! எல்.இ.டி.க்கு இதில் பாதிகூட வேண்டாம். போட்டவுடன் எரியும், வெளிச்சம் சாலையில் விழும்.

பணம் எங்கிருந்து வந்தது? மத்திய மின்துறையின் கீழுள்ள ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் முதலைப் போட்டது. மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து அதைத் தவணையாகத் திரும்ப எடுத்துக்கொள்வது ஏற்பாடு. 2015 ஜனவரி 5-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டம் இதே வழியில் நாடெங்கும் ஒரு கோடி விளக்குகளைத் தாண்டியது. அந்த நிறுவனமே வீட்டு பல்புகளை மொத்தமாக வாங்கியபோது, 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை மூன்றே ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. கூட்டமாக வாங்கினால் விலை படியும் என்பது சந்தைக்குப் போகும் நம் தாய்மார்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்.இ.டி.யின் வெள்ளை, நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சு போட்டு எடுத்த வெள்ளை. அந்த நீலம் கூடினால் நமக்குக் கண் கூசும், ஆமைக்குஞ்சுக்கு வழி தவறும். விசாகப்பட்டினக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. நம் பெசன்ட் நகர்க் கரையிலும் அதே ஆமைதான். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு இரவில் மணலைப் பிளந்து வெளியே வந்ததும் வெளிச்சமான திசையைத் தேடி ஓடும். நிலவும் நட்சத்திரமும் மின்னும் கடல்தான் அதற்குத் தெரிந்த வெளிச்சம். சாலை விளக்கு அதைவிடப் பளிச்சென்று இருந்தால், பிள்ளை சாலைக்கு வந்துவிடும். நாய்க்கும் சக்கரத்துக்கும் இரையாகும்.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவின் டூசான் நகரைச் சுற்றியுள்ள மலைகளில் இருட்டை நம்பியிருக்கும் வானாய்வுக்கூடங்கள். விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியபோதே, நள்ளிரவுக்குப் பின் ஒளியைத் தானாகக் குறைக்கும் ஏற்பாட்டையும் அந்நகரம் செய்துகொண்டது. முன்னிரவில் 90 சதவீதம், பின்னிரவில் 60 சதவீதம். எல்.இ.டி.யில் இது சுலபம். கடற்கரையோரம் மஞ்சள் சாய்ந்த விளக்கும், மணல்பக்கம் ஒரு மறைப்புத் தகடும் சேர்ந்தால் குஞ்சுகள் கடலுக்கே போகும்.

அவையோரே, எல்.இ.டி. விளக்கு கெடும்போது பெரும்பாலும் கெடுவது உள்ளே இருக்கும் டிரைவர் என்ற சிறு பெட்டி. இடிமின்னலும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதற்கு எமன். பெட்டியை மாற்ற அதிக நேரம் ஆகாது. விளக்கு கெட்ட செய்தி போய்ச் சேரத்தான் வாரக்கணக்காகிறது. இன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் தெருவின் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியவில்லையா, மறுநாள் காலையே அந்த எண்ணோடு நகராட்சியில் சொல்லுங்கள். கடலோரம் இருப்பவர்கள் மறைப்புத் தகடு கேட்டு மனுக் கொடுங்கள். ஜனவரியில் ஆமைகள் கரையேறத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே கொடுங்கள்.