ஒரு வயதுக்குப் பிறகும் தாய்ப்பால்: டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(ஆகஸ்ட் மாதம் நம் சங்கத்தின் மகளிர் பிரிவு மாட்டுங்காவில் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 1992-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கொண்டாடப்பட்டு வருகிறது. அதையொட்டி ஏதாவது பேச வேண்டும் என்று நம் செயலாளர் மாமி கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் டயட்டீஷியனாகப் பல வருஷங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

தாய்ப்பாலின் பெருமையைப் பற்றி இந்தச் சபைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தை பிறந்த புதிதில் “பால் கொடு, பால் கொடு” என்று சொல்லாதவர்களே கிடையாது. ஆனால் ஆயுஷ் ஹோமம் ஆன மறுநாளே பேச்சு மாறிவிடுகிறது. “இன்னுமா குடுக்கறே? ஒரு வயசாயிடுத்தே, போறும் நிறுத்து” என்று அக்கம் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் வரை எல்லோரும் சொல்வார்கள். இவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு பெண் தாங்கிக்கொண்டு விடுவாள். குழந்தை டாக்டரும் அதையே சொல்லிவிட்டால்தான் அவளுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. ஆகையால் ஒரு வயதுக்கு மேலும் பால் கொடுக்க விரும்புகிற பெண்ணுக்கு அதை ஆதரிக்கிற டாக்டர் எப்படிக் கிடைப்பார் என்பதையே இன்றைய தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டோடு சேர்த்து 2 வயது வரையிலும், அதற்கு மேலும் தாய்ப்பால். இதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்வதும் இதையே. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-இல் “ஒரு வருஷம், விருப்பமிருந்தால் அதற்கு மேலும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் 2022-இல், 2 வயதுக்கும் அதற்கு மேலும் கொடுக்க விரும்பும் தாய்மார்களுக்கு டாக்டர்கள் ஆதரவு தர வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. நம் சட்டத்தையே பாருங்கள். வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15 மாதம் வரை தினமும் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம் பெற்றிருக்கிறது. ஒரு வயதோடு பால் முடிந்துவிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

“ஒரு வருஷத்துக்கு அப்புறம் அதுல சத்தே இல்லை, வெறும் தண்ணி” என்று சொல்வார்கள். அது சரியல்ல. 1 வயதிலிருந்து 2 வயது வரை குழந்தைக்குத் தேவையான சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கக்கூடும். ஜுரம், வயிற்றுப்போக்கு என்று படுத்து, சாதத்தைத் தொடாத நாட்களில் பல குழந்தைகள் இறக்கிக்கொள்வது தாய்ப்பால் ஒன்றைத்தான்.

அப்படியானால் சில டாக்டர்கள் ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் குழந்தையின் மேல் உள்ள அக்கறையால்தான். அவர்கள் சொல்லும் காரணங்களைத் தெரிந்துகொண்டால், யார் ஆதரவான டாக்டர் என்பதும் புரிந்துவிடும்.

முதல் காரணம் எடை. பிறக்கும்போது 3.3 கிலோ இருக்கும் ஆண் குழந்தை ஒரு வயதில் சராசரியாக 9.6 கிலோ ஆகிறது. அதாவது 6 கிலோவுக்கு மேல் ஏற்றம். 2 வயதில் அதே குழந்தை 12.2 கிலோ. இரண்டாம் வருஷத்தில் ஏறுவது இரண்டரைக் கிலோ மட்டுமே. பெண் குழந்தைக்கும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான். இது இயற்கை. ஆனால் “குழந்தை ஏறவே மாட்டேங்கறது” என்று பழி தாய்ப்பாலின் மேல் விழும். இங்கே டாக்டர் எந்த வளர்ச்சி அட்டவணையைப் பார்க்கிறார் என்பது முக்கியம். பழைய அட்டவணைகள், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்துத் தயாரானவை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அட்டவணை, தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை 6 நாடுகளில் அளந்து செய்தது. அதில் நம் தில்லிக் குழந்தைகளும் உண்டு. குழந்தை தன் கோட்டிலேயே போகிறதா, கோட்டை விட்டு இறங்குகிறதா என்று அட்டவணையைக் காட்டிப் பேசுகிற டாக்டரை நம்பலாம்.

இரண்டாவது காரணம் ரத்தசோகை. இதை அலட்சியம் செய்யக்கூடாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குட்பட்ட நம் நாட்டுக் குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவுதான். ஆனால் பசும்பாலிலும் குறைவு என்பதை மறந்துவிடுகிறோம். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டம்ளர் டம்ளராகப் பசும்பால் கொடுத்தால் வயிறு ரொம்பிவிடும், சாப்பாடு இறங்காது. நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைக்கு ரத்தசோகை வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே இதற்கு வழி, பாலுக்கு முன்னால் சாப்பாடு என்கிற ஒழுங்கும், டாக்டர் எழுதித் தரும் இரும்புச்சத்து மருந்தும்தான். குழைந்த பருப்பு சாதத்தில் நெய், கேழ்வரகுக் கஞ்சி, கீரை மசியல், இட்லி, தயிர் சாதம் என்று ஒரு நாளைக்கு 3, 4 வேளை சாப்பிட்டு, நடுவில் ஒன்றிரண்டு முறை பழமோ சுண்டலை மசித்ததோ தின்ன வேண்டும். சாப்பாடு முடிந்த பிறகு தாய்ப்பால்.

மூன்றாவது, நம்மைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்கான விஷயம். பி12 வைட்டமின் காய்கறியிலோ பருப்பிலோ கிடையாது. நமக்குப் பால், தயிர், மோர் மூலமாகத்தான் கிடைக்கிறது. பாலும் தயிரும் சரியாகச் சாப்பிடாத தாய்க்குப் பி12 குறைந்தால், அவள் பாலிலும் குறையும். குழந்தையின் மூளை வளர்ச்சியையும் ரத்தத்தையும் அது பாதிக்கும். அதற்காகப் பாலை நிறுத்துவதில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் பி12 மருந்து கொடுத்துச் சரி செய்கிறார்கள். “நீங்க என்ன சாப்பிடறேள்? தயிர் போட்டுக்கறேளா?” என்று அம்மாவைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

நான்காவது பல். ராத்திரி முழுக்கப் பால் குடித்துக்கொண்டே தூங்கினால் பல் சொத்தையாகும் என்பதில் உண்மை உண்டு. முதல் பல் முளைத்ததுமே காலையும் இரவும் பல்லைத் துலக்கிவிட வேண்டும். நடு இரவில் குடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். பகலில் கொடுப்பதை நிறுத்த இது காரணமாகாது.

ஐந்தாவது, தாய் சாப்பிடும் மருந்து. எங்கள் கட்டடத்திலேயே ஒரு பெண்ணுக்கு ஜுரம் வந்தது. குழந்தைக்கு 14 மாதம். மாத்திரை சாப்பிடுவதால் அன்றே பாலை நிறுத்தும்படி அவளிடம் சொல்லிவிட்டார்கள். ஒரே நாளில் நிறுத்தியதில் மார்பு கட்டிக்கொண்டு, வீக்கமும் வலியும் வந்து, அந்தப் பெண்ணின் ஜுரம் இரண்டு மடங்காயிற்று. குழந்தையோ நாலு நாள் டம்ளரையும் தொடவில்லை, புட்டியையும் தொடவில்லை. அவள் சாப்பிட்டது சாதாரண பாராசிட்டமால் மாத்திரை. பாலூட்டும் தாய் தாராளமாகச் சாப்பிடக்கூடியது. புற்றுநோய் மருந்து போன்ற சிலவற்றுக்குத்தான் பாலை நிறுத்தியே ஆக வேண்டும். சாதாரணமாகக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறுத்த வேண்டியதில்லை. அல்லது வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மருந்தின் பெயரைக் கேட்டு, “பார்த்துச் சொல்கிறேன்” என்று புத்தகத்தையோ கம்ப்யூட்டரையோ புரட்டுகிற டாக்டர் நல்ல டாக்டர்.

சரி, அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது?

குழந்தைக்கு ஜுரம் அடிக்கும் ராத்திரியில் தேட முடியாது. பிரசவத்துக்கு முன்பே தேடுவது உத்தமம். தவறினால், அம்மைத் தடுப்பூசிக்காக 9-ஆம் மாதம் போகும்போது பேச்சை எடுங்கள். யாரிடம் விசாரிப்பது? ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்கு இன்னமும் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களிடம். நம் சங்கத்திலேயே அப்படிச் சிலர் இருக்கிறார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அடுத்ததாக, பிரசவம் ஆன மருத்துவமனையின் தாய்ப்பால் ஆலோசகரிடம் கேட்கலாம். இந்த விஷயத்தில் மும்பைக்காரர்கள் பாக்கியசாலிகள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் தொடங்கியது, இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள சயான் மருத்துவமனையில்தான்.

கிளினிக்குக்குப் போனால் சுவரைப் பாருங்கள். பால்பவுடர் கம்பெனியின் காலண்டர், மேஜையில் அதே கம்பெனியின் பேனா ஸ்டாண்டு இருந்தால் யோசியுங்கள். 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 2 வயது வரையிலான குழந்தை உணவுகளுக்கு விளம்பரம் செய்யவோ, அவற்றை விற்பதற்காக மருத்துவத் துறையினருக்குப் பரிசு கொடுக்கவோ கூடாது.

பிறகு மரியாதையாக, நேராகக் கேளுங்கள்: “டாக்டர், இரண்டு வயசு வரைக்கும் பால் கொடுக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?” பதில் எதுவாக இருந்தாலும் காரணம் கேளுங்கள். “நிறுத்துங்கள்” என்று சொல்லிவிட்டு எடை, ரத்தம், மருந்து என்று எதையும் காட்டாமல், “ஒரு வயசாச்சே” என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் அது அவருடைய அபிப்பிராயம், மருத்துவம் அல்ல. அதே சமயம், எதைக் கேட்டாலும் “உங்கள் இஷ்டம்” என்று தலையாட்டி, எடையைக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறவரும் நமக்கு வேண்டாம். பால் தொடரட்டும் என்று சொல்லி, சாப்பாட்டையும் ரத்தத்தையும் பல்லையும் கவனிக்கிறவரைத்தான் ஆதரவான டாக்டர் என்பேன்.

நோய் பார்ப்பதில் கைராசியான டாக்டர், இந்த ஒன்றில் மட்டும் மாறுபட்டால் உடனே அவரை மாற்ற வேண்டியதில்லை. “இதை யோசிச்சுத்தான் தொடர்கிறேன் டாக்டர், எடையை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றால் பலர் ஒத்துக்கொள்வார்கள். சொல்லியும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டே இருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக மாமிகளுக்கும் பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கிளினிக்கில் நான் அடிக்கடி பார்த்தது இது. டாக்டர் எதுவும் சொல்வதற்கு முன்பே கூட வந்த மாமியார், “இவ இன்னும் பால் குடுத்துண்டிருக்கா டாக்டர், அதனாலதான் அவன் சாப்பிடவே மாட்டேங்கறான். நீங்களாவது சொல்லுங்கோ” என்பார். டாக்டரும் பெரியவர்களின் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து, “நிறுத்திடும்மா” என்று சொல்லிவிடுவார். மாட்டுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு வருவாள். லோக்கல் ரயிலில் இடிபட்டு ஆபீஸ் போய், ஆத்துக்கு வந்ததும் வராததுமாகக் குழந்தையை மடியில் போட்டுக்கொள்கிறவளுக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியாதா? டாக்டரைத் தேடும் முன்னால் அவளுக்கு ஆத்திலேயே ஆதரவு வேண்டும்.

அவளே போதும் என்று தீர்மானித்தால், அதுவும் அவள் இஷ்டம்; அதற்கும் குறை சொல்ல வேண்டாம். அப்போது வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் பாலை மறக்கடிக்காமல், ஒவ்வொரு வேளையாகக் குறைத்தால் தாய்க்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது.

தங்கள் டாக்டரைப் பற்றி நல்லபடியாகச் சொல்லக்கூடிய தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். கைக்குழந்தையோடு புதிதாக இந்த ஊருக்கு வரும் பெண்களுக்கு நம் மகளிர் பிரிவு அதைத் தெரிவிக்கும்.  குழந்தைகள் க்ஷேமமாக இருக்கட்டும்.