மார்க்கீஸ் வைரம்: கடை லைட்ல ஒண்ணு, கோடை வெளிச்சத்துல ஒண்ணு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்குப் பேசப் போற விஷயம் ரொம்பச் சின்னது. எட்டு மில்லிமீட்டர் நீளம், நாலு மில்லிமீட்டர் அகலம். ஒரு வைரக் கல்.

கான்டெக்ஸ்ட் சொல்லிடறேன். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், ரிமோட் வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் ஹஸ்பண்ட் வீட்ல, பெருமாள்மலையில இருக்கேன். வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் ஏறி வர்றப்போ, பழனி ரோடு வந்து சேருமே, அந்த ஊர்தான். நிச்சயதார்த்தத்துக்கு அவர் போட்ட மோதிரத்துல ஒரு ரவுண்ட் கல், 20 சென்ட். வைரக் கணக்குல 100 சென்ட் ஒரு காரட். ஒரு காரட்னா 200 மில்லிகிராம். அப்போ என் கல் வெறும் 40 மில்லிகிராம்!

இந்த வருஷம் கல்யாண நாளுக்கு, என் சம்பளத்துல, எனக்கு ஒரு மார்க்கீஸ் வாங்கணும்னு ஆசை வந்துச்சு. அதுல ரெண்டு கேள்வி இருந்துச்சு. எந்தக் கல்லைத் தேர்ந்தெடுக்கிறதுங்கறது ஒண்ணு. பழைய மோதிரத்தை என்ன பண்றதுங்கறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு கூகுள் இருக்கு. ரெண்டாவதுக்கு இல்ல.

தறி நாடா மாதிரி ஒரு கல்

மார்க்கீஸ்னா ரெண்டு முனையும் கூர்மையா, நடுவுல அகலமா, ஒரு கண்ணை வரைஞ்ச மாதிரி இருக்கும். 18ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ் மன்னர் 15ஆம் லூயி, தன்னோட காதலி மார்க்கீஸ் த போம்பதூரோட உதட்டு வடிவத்துல கல் வெட்டச் சொன்னார்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு. கதையை விடுங்க. இந்தக் கட்டுக்கு இன்னொரு பேர் இருக்கு, நவெத். ஃப்ரெஞ்சுல அதுக்குத் தறி நாடான்னு அர்த்தம். நம்ம சின்னாளப்பட்டியில தறி ஓடறதைப் பார்த்திருந்தா உடனே புரியும். ஊடு நூலைச் சுமந்துக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த நாடா.

இந்த ஷேப்போட பெரிய பிளஸ், எடைக்கு மீறி பெருசாத் தெரியும். 50 சென்ட் ரவுண்ட் கல்லோட குறுக்களவு சுமார் 5 மில்லிமீட்டர். அதே எடையில மார்க்கீஸ் சுமார் 8-க்கு 4 இருக்கும். விரலும் நீளமாத் தெரியும். நீளத்தை அகலத்தால வகுத்தா 2 சுத்தி வர்றது பாரம்பரிய வடிவம். 1.75-க்குக் கீழ போனா குண்டாத் தெரியும், 2.25-க்கு மேல போனா ஊசி மாதிரி தெரியும். இதுல சரி தப்பு இல்ல, உங்க விரலுக்கு எது நல்லாருக்கோ அதுதான்.

ரிப்போர்ட்ல இல்லாத ஒரு காலம்

நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஸ்பெக் ஷீட் பார்த்து வாங்கற பழக்கம். வைரத்துலயும் அப்படித்தான் போவோம். நிறம் டி-யில இருந்து இசட் வரை, கிளாரிட்டி இவ்வளவு, எடை இவ்வளவு. ஒரு எக்ஸெல் போட்டு ஃபில்டர் பண்ணா முடிஞ்சுது, இல்லையா?

இல்ல. ஜிஐஏ ரிப்போர்ட்ல ரவுண்ட் கல்லுக்குத்தான் கட் கிரேடு குடுப்பாங்க. மார்க்கீஸுக்குக் கிடையாது. பாலிஷ் இருக்கும், சிமெட்ரி இருக்கும், அளவு இருக்கும். ஆனா கல் வெளிச்சத்தை எப்படித் திருப்பி அனுப்புதுங்கற ஒரு காலம் அதுல இல்ல. ஒரு கல்லோட அழகுல பாதி அங்கதான் இருக்கு.

இதுல முக்கியமா பார்க்க வேண்டியது போ-டை. கல்லோட நடுவுல குறுக்கா, கழுத்துல கட்டற போ மாதிரி ஒரு கருப்பு நிழல் தெரியும். அது அழுக்கு இல்ல. நீங்க குனிஞ்சு பார்க்கிறப்போ, உங்க தலை வெளிச்சத்தை மறைக்குது. நடுவுல இருக்கிற பட்டைங்க அந்த மறைப்பைத்தான் திருப்பிக் காட்டுது. நீளமான கல் பெரும்பாலானதுல இது கொஞ்சமாவது இருக்கும். கையை அசைச்சா மறைஞ்சிடுச்சுன்னா பிரச்னை இல்ல. எப்படித் திருப்பினாலும் கருப்பாவே நின்னுச்சுன்னா, வேண்டாம்.

அப்புறம் முனைங்க. நிறம் இருந்தா மார்க்கீஸ்ல முனையிலதான் முதல்ல தெரியும். ரெண்டு முனையும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கான்னு பாருங்க. ரெண்டு பக்க வளைவும் ஒரே மாதிரி இருக்கணும். கண்ணுல படற அளவுக்குக் கோணல் இருந்தா, வாங்கினப்புறம் தினமும் கண்ணு அங்கதான் போகும்.

ஸ்டேஜிங்ல ஓடுது, புரொடக்‌ஷன்ல?

நகைக் கடை லைட்டுக்குக் கீழ எந்த வைரமும் ஜொலிக்கும். சின்னச் சின்ன ஸ்பாட் லைட் நிறைய இருந்தா, ஒவ்வொண்ணும் ஒரு வானவில் பொறியாத் தெறிக்கும். குறை எல்லாம் அந்தப் பொறியில மறைஞ்சிடும். நம்ம பாஷையில சொன்னா அது ஸ்டேஜிங் சர்வர். அங்க எல்லாமே ஓடும்.

எங்க புரொடக்‌ஷன் என்ன தெரியுமா? மூடுபனி. கொடைக்கானல் சுமார் 7,000 அடி. வருஷத்துல பல மாசம் மேகத்துக்குள்ளதான் வாழ்க்கை. வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து வராது, வானம் முழுக்க வெள்ளையா பரவி இருக்கும். பழைய மோதிரத்தை கோக்கர்ஸ் வாக்ல பனி ஏறி வர்றப்போ பார்த்திருக்கேன். வானவில் பொறி ஒண்ணுகூட இருக்காது. கல்லோட வெண்மையும் உள்ள இருக்கிற கருப்பு வெள்ளையும் மட்டும் தெளிவாத் தெரியும். மார்க்கீஸுக்கு இதைவிட நேர்மையான டெஸ்ட் கிடையாது. போ-டை, நிறம், கோணல் மூணும் இந்த வெளிச்சத்துல ஒளிய முடியாது.

மதுரையில தெற்காவணி மூல வீதிக்குப் போனோம். ஒரு கடையில மூணு கல் எடுத்துப் போட்டாங்க. லைட்டுக்குக் கீழ மூணும் ஒண்ணுதான். "அண்ணே, வாசல் பக்கம் நிழல்ல வெச்சுப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். ஒரு ஸ்டாஃப் அண்ணன் தட்டோட கூடவே வந்தார். ரிப்போர்ட்ல எது பெஸ்ட்டோ, அந்தக் கல்லுக்கு நடுவுல கருப்புப் பட்டை அசையாம நின்னுச்சு. ரெண்டாவதுக்கு முனையில லேசா மஞ்சள். மூணாவது கிளாரிட்டியில ஒரு படி கம்மி. ஆனா கையை அசைச்சா நிழல் நகர்ந்துச்சு, முனை ரெண்டும் வெள்ளை. அதைத்தான் எடுத்தோம். வெயில் ஊரா இருந்தாலும் மதுரையிலயும் நிழல் கிடைக்கும், கேட்டாப் போதும்.

ஆன்லைன்ல வாங்கறவங்க, சுத்திச் சுத்திக் காட்டற ஸ்டுடியோ வீடியோவை மட்டும் நம்பாதீங்க. ஜன்னல் ஓரமா, கையில வெச்சு ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

பாட்டிங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்

நம்ம வீடுகள்ல ஏழு கல் தோடு வாங்கறதுக்கு முன்னாடி, கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்து சில நாள் வெச்சுப் பார்ப்பாங்க. தலையணைக்கு அடியில வெச்சுப் படுக்கறதும் உண்டு. தோஷம் இருந்தா தெரிஞ்சிடும்னு நம்பிக்கை. நம்பிக்கை அவங்கவங்க இஷ்டம். ஆனா அந்த நாலு நாள்ல என்ன நடந்திருக்கும்னு யோசிங்க. அடுப்படி வெளிச்சம், முற்றத்து வெளிச்சம், சாயங்கால வெளிச்சம்னு எல்லாத்துலயும் அந்தக் கல்லைப் பார்த்திருப்பாங்க. குறை இருந்தா கண்ணுல படாமலா போகும்?

இன்னும் பின்னாடி போனா சிலப்பதிகாரம். ஊர்காண் காதையில மதுரையோட ரத்தினக் கடைத்தெரு வருது. வைரத்துக்கு இருக்கக் கூடாத நாலு குற்றம் அதுல சொல்லியிருக்கு. அதுல ஒண்ணுக்குப் பேர் காகபாதம், காக்கா கால் மாதிரி கீறல். கிளாரிட்டின்னு நாம இப்போ சொல்றதை அதே ஊர்ல அப்பவே பார்த்திருக்காங்க.

இந்தக் காலத்து வெர்ஷன் ரிட்டர்ன் பாலிசி. எத்தனை நாள்ல மாத்தலாம்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கோங்க. அந்த நாள் முழுக்கக் கல்லை வீட்டு வெளிச்சத்துல பாருங்க.

பூமியில விளைஞ்சதா, லேப்ல விளைஞ்சதா

லேப் வைரம்னா எங்க அத்தை உடனே "திருச்சிக் கல்லா?"ன்னு கேட்டாங்க. திருச்சியில செயற்கைக் கல் பட்டை தீட்டற தொழில் ரொம்ப நாள் கொடி கட்டிப் பறந்துச்சு. அது வைரம் மாதிரி தெரியற வேற பொருள். லேப்ல வளர்க்கிறது அப்படி இல்ல, நிஜமாவே கார்பன், நிஜமாவே வைரம். கடையில வைரமான்னு தொட்டுப் பார்க்கிற பேனா டெஸ்டருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. கண்டுபிடிக்க லேப் மிஷின் வேணும். 2023 பட்ஜெட்டுக்கு அப்புறம் இந்த ஆராய்ச்சிக்காக நம்ம ஐஐடி மெட்ராஸுக்கு அஞ்சு வருஷத்துக்கு சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க.

விலை பல மடங்கு கம்மி. ஆனா திருப்பி விற்கப் போனா கையில பெருசா ஒண்ணும் வராது. நாங்க லேப் கல்தான் எடுத்தோம், போடறதுக்குத்தான் வாங்கறோம், விற்கறதுக்கு இல்லங்கறதால. நீங்க முதலீடுன்னு நினைச்சா கணக்கு வேற. எதுவா இருந்தாலும் ரிப்போர்ட்ல லேப்னு தெளிவா இருக்கணும், கல்லோட ஓரத்துல லேசர்ல பொறிச்ச நம்பர் ரிப்போர்ட் நம்பரோட மேட்ச் ஆகணும். லென்ஸ் குடுத்துக் காட்டச் சொல்லுங்க. தங்கத்துக்கு ஆறு எழுத்து ஹெச்யூஐடி இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா அங்கயே செக் பண்ணிடலாம்.

ஸ்வெட்டரும் குளிரும்

வைரம் கீறாது, ஆனா உடையும். சில திசையில அடி பட்டா விறகு மாதிரி பிளந்துக்கும். மார்க்கீஸோட முனைதான் வீக் பாயின்ட். அதனால ரெண்டு முனைக்கும் 'வி' வடிவத்துல மூடின கொக்கி கட்டாயம் வேணும். முனையில உள்ளுக்குள்ள கீறல் இருக்கிற கல்லைத் தொடாதீங்க.

மலைவாசிகளுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பிரச்னை, கம்பளி. மோதிரம் உயரமா இருந்தா ஸ்வெட்டர், சால்வைன்னு எல்லாத்துலயும் மாட்டும். "நூலை இழுக்கிற மோதிரம் ஒரு நாள் கல்லையும் விட்டுரும்மா"ன்னு அத்தை சொன்னாங்க. அதனால கல்லைத் தாழ்வா உட்கார வெச்சோம்.

சைஸும் இங்க விளையாடும். குளிர்ல விரல் சுருங்கும். டிசம்பர் காலையில இங்க அளவெடுத்து மதுரையில போட்டா கழட்ட சோப்பு வேணும். மதுரை மத்தியானத்துல அளவெடுத்தா இங்க ஏரியில போட்டிங் போறப்போ வழுக்கி விழும். ரெண்டு இடத்துலயும் அளவெடுத்து, குளிர்ல கழண்டு விழாத சைஸ் எதுவோ அதை எடுத்தோம்.

"அப்போ பழசு?"

இப்போ கூகுள் இல்லாத கேள்வி.

நம்ம வேலையில அப்கிரேடுனா பழைய வெர்ஷன் போயிடும். மோதிரத்துக்கு அந்த வார்த்தை வந்தப்போ அதே அர்த்தமும் கூடவே வந்துடுச்சு. வைரத்தையும் கல்யாணத்தையும் ஒட்டி வெச்ச அந்தப் பிரபல வாசகமே விளம்பரம்தான். 1947-ல டி பியர்ஸுக்காக ஃபிரான்சஸ் ஜெரட்டிங்கற காப்பிரைட்டர் எழுதினது. நம்ம பக்கம் நிச்சயத்துல மோதிரம் இருந்தாலும், மனசு தாலியிலதான் நிக்கும். அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

கடையில "பழசைக் குடுங்க, கழிச்சுக்கலாம்"னு சொன்னாங்க. ஹஸ்பண்ட் உடனே, "உனக்கு எது ஈஸியோ பண்ணு"ன்னுட்டார். அதுக்கப்புறம் வத்தலக்குண்டு வர்ற வரைக்கும் அவர் பேசல. அந்த மோதிரம் அவர் முதல் வேலையில மாசா மாசம் நகைச் சீட்டு கட்டி வாங்கினது. பதினொரு சீல் குத்தின அந்தச் சீட்டு அட்டை இன்னும் அவர் டிராயர்ல இருக்கு. எக்ஸ்சேஞ்ச்ல செய்கூலி போயிடும், சின்னக் கல்லுக்குக் குறைச்சுத்தான் மதிப்பு போடுவாங்க. அந்தப் பதினொரு மாசம் பில்லுல ஒரு மைனஸ் லைனா வரும். எனக்கு அது பிடிக்கல. குடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

வழி சொன்னது அத்தைதான். "ஏம்மா, ஒத்தக்கல் மூக்குத்தியா மாத்திக்கோயேன். உனக்குத்தான் மூக்கு குத்தியிருக்கே."

தெரிஞ்ச ஆசாரிகிட்ட குடுத்தோம். இதைப் பண்றவங்களுக்கு ஒரு டிப்: கல்லைக் கழட்டறப்போ பக்கத்துலயே இருங்க, கழட்டின கல்லை எடை போட்டு எழுதிக்கோங்க. கொஞ்சம் தங்கம் மூக்குத்திக்கு ஆச்சு, மிச்சம் சீட்டு அட்டையோட அதே டிராயர்ல இருக்கு.

மூக்குத்தி போட்ட அன்னைக்கு ஹஸ்பண்ட் சொன்னது இதுதான்: "விரல்ல இருந்தப்போ நீ டைப் பண்றப்போ மட்டும்தான் தெரியும். இப்போ எப்பவும் தெரியுது." புது மோதிரத்தைப் பத்தி ரெண்டு நாள் கழிச்சுத்தான் பேசினார். நல்லாருக்குன்னார்.

அதனால கல் பார்க்கிறதுக்கு முன்னாடி பழசைப் பத்திப் பேசிடுங்க. கடையில, கவுன்ட்டர் முன்னாடி நின்னுக்கிட்டு அந்த முடிவை எடுக்காதீங்க. அதையும் வீட்ல வெச்சு எடுங்க.

உங்க வீட்ல பழைய நகையை என்ன பண்ணீங்க? அழிச்சீங்களா, மாத்தினீங்களா, அப்படியே வெச்சிருக்கீங்களா? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். இங்க பனி ஏறிடுச்சு, நெட் எப்ப வேணா போகும்.